கரையிலிருந்து ஏரிக்கு – 6: பெற்றோல் தாங்கியும் படகின் மூக்கும்

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் மார்க்கம் வீதிக்கு இருபுறமும் உள்ள தெருக்களில் ஏப்ரல் கடைசியில் நடந்தால், சில வீட்டு முற்றங்களில் காருக்குப் பக்கத்திலேயே ட்ரெயிலர் மேல் ஒரு படகு நிற்கும். பெரும்பாலும் 16 அடி அலுமினியப் படகு. பின்னால் 40 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம். யாரோ பத்துப் பதினைந்து வருடம் பாவித்துவிட்டு விற்றது. புதிதாக வாங்கியவர் அதன் பெருமையைச் சொல்லும்போது எத்தனை குதிரைவலு, எத்தனை பேர் ஏறலாம், எத்தனை லீற்றர் தாங்கி என்று அடுக்குவார். அந்தத் தாங்கி படகில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவரும் சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. பெற்றோல் செலவின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த அளவு நான்குவீச்சு இயந்திரம் 100 கிலோவை ஒட்டி நிற்கும். பற்றரி இருபது கிலோவுக்கு மேல். பெற்றோல் லீற்றருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எனவே 25 லீற்றர் தாங்கி நிரம்பினால் 18 கிலோ, தாங்கியின் எடை வேறு. இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுபவரும் கடைசிப் பலகையில்தான் இருப்பார். ஆக 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் படகின் கடைசி ஒரு மீற்றருக்குள் குந்தியிருக்கிறது. விசையைக் கூட்டியதும் பின்புறம் அமிழ்கிறது, அணியம், அதாவது படகின் மூக்கு, வானத்தைப் பார்க்கிறது. பலர் இதை வேகத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். படகு தான் எழுப்பிய அலையின் மேல் ஏற முடியாமல் திணறுவதன் அடையாளம் அது.

சிறு படகுக்கு இரண்டு சுகமான வேகங்கள் உண்டு. ஒன்று, நீரை விலக்கிக்கொண்டு மெல்லப் போவது. நீர்க்கோட்டில் நாலேகால் மீற்றர் நீளமுள்ள படகுக்கு இதன் எல்லை மணிக்கு ஒன்பது, பத்துக் கிலோமீற்றர். மற்றது, நீரின் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு போவது; அதற்கு இருபத்தைந்துக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள பதினைந்து, இருபதுதான் பணத்தைத் தின்னும் வேகம். இயந்திரம் உறுமும், பெற்றோல் குறையும், கரை நகராது. பின்பாரம் கூடிய படகு இந்த நடுவேகத்தில்தான் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது.

இது ரொறன்ரோவுக்கு வந்து கற்ற பாடம் அல்ல. இலங்கையின் மயிலிட்டி, குருநகர், மன்னார்க் கரைகளில் பைபர் படகு ஓட்டியவர்கள் பாரத்தை எங்கே வைப்பது என்பதைக் காலால் அறிந்தவர்கள். வலையையும் ஐஸ் பெட்டியையும் நடுவுக்குத் தள்ளி, படகு சரியாக உட்காரும் வரை ஆளை முன்னும் பின்னும் மாற்றிப் பார்ப்பார்கள். அங்கே மண்ணெண்ணெய் இயந்திரம். பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு வரவேண்டும். ஆக இரண்டு கலன்கள். 2022 ஓகஸ்ட்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. அந்த விலையில், அரை லீற்றர் மிச்சம் பிடிப்பதும் ஒரு தொழில்நுட்பம்தான்.

அதற்கு வெகு காலம் முன்பே இதை எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையிலிருந்து இயங்கியபோது, நோர்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இல் ஒரு கைநூல் எழுதினார். விசையைக் கொஞ்சம் குறையுங்கள், அடிப்பாகத்தைச் சுத்தமாக வைத்திருங்கள், பொருத்தமான விசிறி போடுங்கள் என்பவை அதன் அறிவுரைகளில் சில.

சரி, தாங்கியை எங்கே வைப்பது? பற்றரியையும் நிரம்பிய தாங்கியையும் இரண்டு மீற்றர் முன்னுக்குக் கொண்டுபோனால், 80 கிலோ ஆள் ஒருவர் ஒரு மீற்றர் முன்னே நகர்ந்து இருந்ததற்குச் சமம். சின்னப் படகில் அது சின்ன விஷயம் அல்ல. இதைக் கேட்டதும் சிலர் ஒரேயடியாக அணியத்துக்கே தள்ளிவிடுகிறார்கள். அதுவும் பிழை. அங்கேதான் படகு அலையில் மிக மோசமாக எகிறி விழும். தாங்கி நிரம்பியிருக்கும்போது அணியம் தாழ்ந்து, வற்றும்போது உயரும். காலையில் ஓட்டிய படகும் பின்னேரம் ஓட்டும் படகும் வேறுவேறாக இருக்கும். படகின் பாரமையத்துக்குப் பக்கத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால், நிரம்பினாலும் வற்றினாலும் படகின் இருப்பு அதிகம் மாறாது.

அணியத்தில் மூடிய அறை இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பல மடங்கு கனமானது. தாழ்ந்த மூலையில் தேங்கி நிற்கும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கனடிய விதிகளின்படி, மூடிய அறைக்குள் பெற்றோல் இயந்திரம் உள்ள படகில், கிளப்புவதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றூதியை ஓடவிட வேண்டும். கழற்றக்கூடிய தாங்கியைப் படகுக்குள் வைத்து நிரப்பக்கூடாது. கரையில் இறக்கி, தரையில் வைத்து, குழாய் முனை தாங்கியின் வாயைத் தொட்டபடி நிரப்ப வேண்டும். ஸ்காபரோவில் பெற்றோல் நிலையத்தில், ட்ரெயிலரில் நிற்கும் படகின் மேல் ஏறி நின்று நிரப்புபவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

தாங்கி முன்னே போனால் குழாய் நீளும். இயந்திரத்தின் பம்பு தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. குழாய் நீளமாகவும் ஒடுங்கியும் இருந்தால் முழு விசையில் அதற்கு மூச்சு முட்டும். 3/8 அங்குல உள்விட்டமுள்ள, படகுக்கென்றே செய்த குழாயைப் போடுவது நல்லது. வழியில் இருக்கும் ரப்பர்க் குமிழைக் கவனித்தால் பாதி வருத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். அதில் உள்ள அம்புக்குறி இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். கிளப்புவதற்கு முன் கையால் அமுக்க அமுக்க அது இறுக வேண்டும். எவ்வளவு அமுக்கியும் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது தாங்கி வற்றிவிட்டது. ஓடும்போது அது தானாகவே சப்பையாகிப் போனால் தாங்கிப் பக்கத்தில் ஏதோ அடைத்திருக்கிறது. பெரும்பாலும் மூடியில் உள்ள காற்றுத் துளையைத் திறக்க மறந்திருப்பார்கள்.

புதிய தாங்கிகளில் இன்னொரு சங்கதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் விதிப்படி, 2011 முதல் தயாரிக்கப்படும் கழற்றக்கூடிய தாங்கிகள் ஆவியை எளிதில் வெளியே விடுவதில்லை. ஜூலை வெயிலில் அவை பூசணிக்காய் போல் ஊதி நிற்கும். அந்த அழுத்தத்தோடு குழாயை மாட்டினால் பெற்றோல் இயந்திரத்துக்குள் தானாகவே பாயும். மாட்டுவதற்கு முன் மூடியை மெதுவாகத் திறந்து ஆவியை விட வேண்டும். வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் இடமும் விட வேண்டும்.

இனிப் பயணக் கணக்கு. முழு விசையில் பத்துக் குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய நாலு லீற்றர் என்பது படகோட்டிகளின் பழைய வாய்ப்பாடு. 40 குதிரைவலு என்றால் 15 லீற்றர். விசையைக் குறைத்து, படகு வழுக்கிக்கொண்டு மணிக்கு 35 கிலோமீற்றரில் போனால் ஒன்பது லீற்றர் அளவில் நிற்கும். அதாவது லீற்றருக்கு நாலு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சல்மனுக்குத் தூண்டிலை இழுத்துக்கொண்டு ஊர்ந்தால் செலவு இன்னும் வெகு சொற்பம். 25 லீற்றர் தாங்கியில் அடியில் உள்ள கடைசி இரண்டு, மூன்று லீற்றரை உறிஞ்சுகுழாய் எட்டாது. கையில் இருப்பது 22. போக மூன்றில் ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று என்பது வழக்கம்.

பிளஃபர்ஸ் பார்க்கில் படகை இறக்கிப் பிக்கரிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் பே வரை போவதென்றால் பதினாறு, பதினேழு கிலோமீற்றர். காலையில் நீர் அமைதி. நாலரை லீற்றரோடு போய்ச் சேர்ந்துவிடலாம். கணக்கு மிக அழகாக இருக்கும். ஆனால் இங்கே கோடையில் தென்மேற்குக் காற்றே அதிகம். அது போகும்போது முதுகில் தட்டும், திரும்பும்போது முகத்தில் அறையும். பின்னேரம் அலை எழுந்ததும் படகால் வழுக்கிக்கொண்டு வர முடியாது. விசையைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தால் வந்து நிற்பது அந்தப் பதினைந்து கிலோமீற்றர் நடுவேகத்தில். பின்புறம் அமிழ்ந்து, அணியம் தூக்கி, மணிக்கு ஒன்பது லீற்றரைக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல். போனபோது நாலரை கேட்ட அதே தூரம் வரும்போது பத்தைக் கேட்கும். திரும்பும் பங்கு ஏழுதான். மீதி மூன்றைப் போகும் பங்கில் மிஞ்சியதிலிருந்து எடுக்க வேண்டும். பாரத்தை நடுவுக்கு நகர்த்திய படகு, கொஞ்சம் குறைந்த வேகத்திலும் வழுக்கும் நிலையை விடாமல் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒன்பது கிலோமீற்றருக்கு இறங்கிப் பொறுமையாக வருவதே சிக்கனம்.

மேலதிகக் கான் ஒன்று கொண்டுபோவது நல்லதுதான். அதையும் பின்பலகைக்குக் கீழே செருகாமல், நடுவில், பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

(தொடரும்)