வட சென்னை மாடியில் பூச்சியுண்ணும் செடி: உரத்தை மறங்க, தண்ணீரைக் கவனிங்க!

மாடித்தோட்டத்தில் கத்தரி, வெண்டை வைத்துப் பழகியவர்கள் ஒரு செடி வாடினால் உடனே இரண்டு வேலை செய்வார்கள். ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுவார்கள், இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். பூச்சியுண்ணும் செடிக்கு இந்த இரண்டுமே ஆகாது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஆசையாக வாங்கி வைத்த குடுவைச் செடி இரண்டு மூன்று மாதத்தில் ஓரம் கருகிச் சாகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது போர்வெல் தண்ணீரைத்தான்.

இந்தச் செடிகள் இயற்கையில் வளர்வது சதுப்பு, ஈர மணல், பாறை இடுக்கு போன்ற சத்தில்லாத நிலங்களில். மண்ணில் கிடைக்காத தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் இவற்றின் இலை பொறியாக மாறியிருக்கிறது. உப்பையும் உரத்தையும் தாங்கும் பழக்கம் இவற்றின் வேருக்கு இல்லை. அதனால் பஞ்சகவ்யம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல், டிஏபி எதுவும் தொட்டியில் படக்கூடாது.

எந்தத் தண்ணீர்?

தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவை டிடிஎஸ் என்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. இந்தச் செடிகளுக்கு அது 50-க்குள் இருக்க வேண்டும். ஆக, நாம் தாராளமாகக் குடிக்கும் குழாய்த் தண்ணீர்கூட இவற்றுக்கு உப்புத் தண்ணீர்தான். மீஞ்சூர் தொடங்கிக் கடலோரமாக நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிக் கிடக்கும் நம் பகுதியில் போர்வெல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. செடி வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். வீட்டு ஆர்ஓ தண்ணீரையும் கேன் தண்ணீரையும் அளந்து பார்க்காமல் ஊற்ற வேண்டாம். சுவைக்காகத் தாது சேர்ப்பதால் பல நேரம் 50-ஐத் தாண்டிவிடும்.

மழைநீர்தான் முதல் தேர்வு. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 10 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 200 லிட்டர். இரண்டு தொட்டிக்குத் தினம் அரை லிட்டர் என்று வைத்தால், ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒரு டிரம் போதும். ஆனால் எண்ணூர் பக்கம் மாடியில் நிலக்கரிச் சாம்பலும் கடற்காற்றின் உப்பும் படிந்திருக்கும். எனவே முதல் மழையை விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த மழையிலும் முதல் கால் மணி நேரத் தண்ணீர் வடிந்த பிறகு பிடியுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று தொழிற்சாலையிலிருந்து வரும் பழைய கெமிக்கல் டிரம்மில் சேமிக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதை நம்ப முடியாது.

மழைநீர் தீர்ந்துவிட்டால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் கைகொடுக்கும். ஏறக்குறைய உப்பே இல்லாத நீர் அது. ஏசியைச் சர்வீஸ் செய்த அன்று மட்டும் பிடிக்க வேண்டாம்.

எந்தச் செடி?

படங்களில் பார்த்து எல்லோரும் முதலில் கேட்பது வீனஸ் பூச்சிப்பிடிப்பான். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களைச் சேர்ந்த இது, ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்கி எழ வேண்டிய செடி. ஜனவரி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் அதற்கு அந்த உறக்கம் கிடைக்காது, ஆண்டுக்காண்டு மெலிந்துபோகும். என்னைக் கேட்டால் காசை மிச்சம் பிடியுங்கள்.

நமக்கு ஏற்றது குடுவைச் செடி, அதாவது நெப்பந்தஸ். 'வென்ட்ராட்டா' என்ற கலப்பினம் நர்சரிகளில் கிடைக்கும், வெப்பத்தையும் தாங்கும். கடலோரத்தின் ஈரக்காற்று இதற்கு வரப்பிரசாதம். மேகாலயாவின் 'காசியானா' இனத்தை மட்டும் யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள அதை உரிமம் இல்லாமல் வளர்க்கக் கூடாது.

இன்னொன்று நம்மூர் அழுகண்ணி. இலை மயிர்களின் நுனியில் பசைத்துளி மின்னும் இந்தச் சிறு செடி தமிழகத்தின் ஈர மணல் நிலங்களில் தானாகவே வளர்கிறது. ஓராண்டுச் செடிதான் என்றாலும், விதை அதே தொட்டியில் விழுந்து முளைக்கும். காட்டிலிருந்து பிடுங்காமல், வளர்ப்பவர்களிடம் விதை வாங்குங்கள்.

தொட்டியும் வெயிலும்

குடுவைச் செடிக்கு ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் சம அளவு. பாசி விலை அதிகம் என்றால் தேங்காய் மட்டைச் சில்லு போடலாம். நல்ல தண்ணீரில் பல முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றிய பிறகுதான். அழுகண்ணிக்குப் பீட் பாசி இரண்டு பங்கு, சிலிக்கா மணல் ஒரு பங்கு. காசிமேட்டுக் கடற்கரை மணலில் உப்போடு கிளிஞ்சல் சுண்ணாம்பும் இருக்கும், தொடவே வேண்டாம்.

குடுவைச் செடிக்குக் காலை வெயில் போதும். ஏப்ரல், மே மாதங்களில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, நேர் கடற்காற்று படாத மூலையில் வையுங்கள். இலையில் சாம்பல் படிந்தால் மழைநீரைத் தெளித்துக் கழுவுங்கள். இலை வருகிறது, நுனியில் குடுவை வரவில்லை என்றால் வெளிச்சமோ காற்றின் ஈரமோ குறைவு என்று பொருள். பழைய குடுவை காய்வது இயல்பு. அதை மட்டும் வெட்டிவிடலாம். பூச்சியை நீங்கள் பிடித்துப் போட வேண்டியதில்லை, மொட்டைமாடி எறும்பும் ஈயும் தாமாகவே வரும். கறித்துண்டு போட்டால் குடுவை அழுகும்.

கொசு ஒழியுமா?

ஒழியாது. ஒன்றிரண்டு மாட்டலாம், அவ்வளவுதான். கவனிக்காவிட்டால் நிலைமை தலைகீழாகும். அழுகண்ணித் தொட்டி எப்போதும் ஒரு விரற்கடை நீர் நிற்கும் தட்டில் இருக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்த நீரே போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, புது மழைநீர் ஊற்றுங்கள். டிரம் வாயையும் மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டுங்கள். குடுவைச் செடிக்குத் தட்டு நீரே வேண்டாம். மேலே ஊற்றினால் கீழே வடிந்துவிட வேண்டும்.