தேய்ந்தது எத்தனை மில்லிமீட்டர்?

சிறிய ரக கார் ஒன்றின் முன்சக்கர பிரேக் பேடுகளை மாற்ற எவ்வளவு செலவாகும்? எங்கள் குடியிருப்பில் ஏழு ஆண்டுகள் ஓடிய ஒரு காருக்காக அதன் உரிமையாளரும் நானும் மூன்று இடங்களில் விசாரித்தோம். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் தந்த எஸ்டிமேட் 9,440 ரூபாய். எல்லா நிறுவனக் கார்களையும் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்று 4,130 ரூபாய் கேட்டது. தெருமுனை மெக்கானிக்கோ 2,300 ரூபாய் போதும் என்றார்.

முதலாவது கொள்ளை, கடைசியானது நியாயம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால், மூன்றும் ஒரே வேலைக்கான விலைகள் அல்ல. சர்வீஸ் சென்டர் கணக்கில் பேடுகளுக்கு 2,600 ரூபாய், இரண்டு டிஸ்க்குகளுக்கு 4,000, கூலி 900, பிரேக்கைச் சுத்தம் செய்ய 500, மேலே 18% வரி. இரண்டாவது பணிமனை அதே பேடுகளையே, ஏறத்தாழ அதே கூலிக்குப் பொருத்துவதாகச் சொன்னது. டிஸ்க்கைப் பற்றிப் பேசவில்லை. மெக்கானிக் சொன்னது வேறொரு தயாரிப்பின் பேடு, ரசீதும் கிடையாது. ஆக, விலை வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது: டிஸ்க்கை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

இதற்கு விடை சொல்ல வேண்டியது அளவுகோல். பிரேக் பேட் என்பது எஃகுத் தகட்டின் மீது ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள். புதிதாக இருக்கும்போது அதன் தடிமன் சுமார் 10 மி.மீ.; 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் மாற்றிவிடுவது வழக்கம். பல பேடுகளில், தேய்மானம் எல்லையைத் தொட்டதும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும் சிறு உலோக நாக்கு ஒன்றும் உண்டு. அந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் எஃகுத் தகடே டிஸ்க்கைச் சுரண்டத் தொடங்கும். அப்போது சில ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவு இரட்டிப்பாகும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வருபவர்கள் அந்த நாளை விரைவாகவே எட்டிவிடுகிறார்கள்.

டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு. பெரும்பாலும் டிஸ்க்கிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கும். நாங்கள் பெற்ற எஸ்டிமேட் எதிலும் அந்த எண்ணோ, அளந்து பார்த்த எண்ணோ இல்லை. வற்புறுத்தி அளக்கச் சொன்னபோது, டிஸ்க் குறைந்தபட்ச அளவைவிட ஒரு மி.மீ. கூடுதலாகவே இருந்தது, கீறலும் இல்லை. வரியோடு சேர்த்து 4,720 ரூபாய் மிச்சம்.

இத்தகைய சேவைகளைப் பொருளியலில் நம்பிக்கைப் பண்டங்கள் என்போம். மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்குக் காட்டிய உதாரணங்களுள் வாகனப் பழுதும் ஒன்று. வாங்கிய பிறகும்கூட, அந்த வேலை உண்மையிலேயே தேவைப்பட்டதா என்று வாடிக்கையாளரால் அறிய முடியாது. நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே. அவருடைய ஊக்கத்தொகை பில் தொகையோடு பிணைக்கப்பட்டிருந்தால் அவர் தீயவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் 'மாற்றிவிடலாம்' என்ற பக்கம் சாய்ந்தாலே போதும். அதிலும் 'பிரேக்' என்ற சொல்லைக் கேட்டபின் பேரம் பேசும் துணிவு நம்மில் யாருக்கு வரும்? பின்னிருக்கையில் பேரக்குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள்.

இச்சந்தையில் அரசு அமைப்புகள் தலையிடாமல் இல்லை. அசல் உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாகக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஒரே சீராக 18% ஜி.எஸ்.டி. என்றானது, அதுவரை பலவற்றுக்கு 28%. இரண்டும் வரவேற்கத்தக்கவையே. எனினும் 2,600 ரூபாய் பேடில் பத்து சதவீத வரிக்குறைப்பு தருவது 260 ரூபாய். அளக்காமல் மாற்றப்படும் டிஸ்க் விழுங்குவதோ அதைப்போலப் பதினெட்டு மடங்கு. உதிரிபாகத்தின் விலை குறைவதால் மட்டும் தேவையற்ற உதிரிபாகம் தேவையானதாகிவிடாது.

டயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த அளவைக் காட்டும் மேடு டயரிலேயே இருக்கிறது. ஆகவே டயர் கடைக்காரர் சொல்வதை நாமே குனிந்து சரிபார்க்கலாம். பிரேக் பேடோ சக்கரத்துக்குள் மறைந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் தெருமுனை மெக்கானிக்கே மேல். கழற்றிய பேடை அவர் நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார். ஆனால் பெட்டியும் ரசீதும் இல்லாத பேடை, போலி எது, அசல் எது என்று தெரியாமல், நான் என் காரில் பொருத்த மாட்டேன்.

பேடு, டிஸ்க் இரண்டின் அளந்த தடிமனும் குறைந்தபட்சத் தடிமனும் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் கட்டாயம் எழுதப்பட வேண்டும்; கழற்றிய பாகங்கள் உரிமையாளரிடம் காட்டப்பட வேண்டும். பணிமனைக்கு இதனால் ஆகும் கூடுதல் செலவு, அளக்கும் ஐந்து நிமிடம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் வாகனத் துறையையும் உள்ளடக்கியது. ஒவ்வொரு கார் மாடலுக்கும் உரிய குறைந்தபட்சத் தடிமனை நிறுவனங்கள் அங்கே தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும் என்று உத்தரவிடலாம். அதுவரை, எஸ்டிமேட்டில் கையெழுத்திடும் முன் அந்த இரண்டு எண்களையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.