மீன்தொட்டியைப் படம் பிடிப்போம்



வீட்டு முன்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே கப்பியும் தங்கமீனும் நீந்தும் காட்சி. இது நம்மிடையே பல இல்லங்களில் காணக்கூடியதே. நாள் முழுதும் உழைத்து வீடு திரும்புவோர்க்கு அதன் எதிரே சற்று அமர்ந்திருப்பதே ஓர் இளைப்பாறுதலாகும். அவ்வழகைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள நாம் விரும்புகிறோம். ஆனால், எடுத்த படத்தில் தெரிவது என்ன? நம் முகம், முதுகுக்குப் பின்னுள்ள சன்னல், கொடியில் காயும் துணி! மீனோ ஒரு மங்கலான கோடாகத் தெரிகிறது.

இதற்குக் கருவியைக் குறை கூறிப் பயனில்லை. ஒளியின் இயல்பை அறிந்து நடந்தால், விலையுயர்ந்த கேமரா இல்லாமல் சாதாரணக் கைப்பேசியாலேயே நல்ல படம் எடுக்கலாம். அதற்கான வழிகளை இங்கே காண்போம்.

முதலாவது, தூய்மை. படம் எடுப்பதற்கு முதல்நாளே கண்ணாடியின் உட்புறத்தில் படிந்த பாசியைச் சுரண்டி நீக்குதல் வேண்டும். சோப்பு அறவே கூடாது. அது மீனுக்குக் கேடு. நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றலாம். குளோரினை நீக்கும் மருந்து இட்ட பின்னரே குழாய்நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். நீர் மாற்றிய உடனே படம் எடுத்தால், நுண்ணிய காற்றுக் குமிழ்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு படத்தைக் கெடுக்கும். ஆகவேதான் முதல்நாளே செய்தல் நலம் என்கிறோம்.

இரண்டாவது, பிரதிபலிப்பைத் தவிர்த்தல். அறையின் ஒளி நம்மீது பட்டுக் கண்ணாடியில் பிரதிபலிப்பதால்தான் நம் முகம் படத்தில் விழுகிறது. எனவே, இரவு வேளையில் அறை விளக்குகளை அணைத்துவிட்டுத் தொட்டியின் மேலுள்ள விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். பகலாயின் சன்னல் திரையை மூடுக. கறுப்பு மணிலா அட்டையில் ஒரு துளையிட்டு, அதன் வழியே கைப்பேசியின் கண் மட்டும் தொட்டியை நோக்குமாறு வைத்தால் பிரதிபலிப்பு பெரிதும் மறையும். அதே நிற அட்டையைத் தொட்டியின் பின்புறம் வைத்தால் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும். கைப்பேசியின் மின்னொளியைப் பயன்படுத்தலாகாது. அது கண்ணாடியில் பட்டு நேரே திரும்பி வந்து படத்தில் வெண்திட்டாக விழும், மீனும் மருளும்.

மூன்றாவது, நிற்கும் முறை. நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி விலகுகிறது என்பதை அறிவியல் பாடத்தில் கற்கிறோம். அதனால்தான் கண்ணாடிக்குப் பின்னே 20 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள மீன் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதுபோல் தோன்றுகிறது. சாய்வாக நின்று எடுத்தால் உருவம் கோணலாகிக் கலங்கிவிடும். எனவே, கண்ணாடிக்கு நேராக, மீனின் உயரத்திற்குக் குனிந்து எடுக்க வேண்டும். மீனின் கண் தெளிவாக இருந்தால் படம் முழுதும் உயிர்பெறும்.

நான்காவது, வேகம். ஒரு நொடியில் 10 சென்டிமீட்டர் நீந்தும் மீன், நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரத்திற்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சின்னஞ்சிறு கப்பிக்கு அது பெரிய தொலைவன்றோ! 250-இல் ஒரு பங்கு நேரமாயின் அரை மில்லிமீட்டர்கூட நகராது. ஒளி குறைந்தால் கருவி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, தொட்டியின் மேல்விளக்கு பிரகாசமாக இருத்தல் வேண்டும். மற்றொரு விளக்கையும் மேலிருந்தே ஒளி விழுமாறு வைக்கலாம். ஆனால் அது நீரில் விழாதபடி பெரியவர்களே பொருத்த வேண்டும்.

ஐந்தாவது, பொறுமை. மீனைத் துரத்திக்கொண்டு கருவியை ஆட்டுதல் வீண். ஓரிடத்தைத் தேர்ந்து, கருவியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மீன் அங்கு வரும்வரை காத்திருப்போம். கண்ணாடியைத் தட்டி அழைப்பது கொடுமை. அவ்வதிர்ச்சி மீனை அச்சுறுத்தும். குமிழ்களைக் குறைக்கக் காற்றுக் குழாயைச் சில நிமிடங்கள் நிறுத்தலாம். மீண்டும் இயக்க மறந்தால் மீன்கள் மூச்சுத் திணறும் என்பதை நினைவிற் கொள்க.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் பட்டறிவு ஒன்றைக் கூறுவோம். நம் பள்ளி அறிவியல் மூலையில் உள்ள தொட்டியை ஒருமுறை படம் எடுத்தோம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒரு கப்பியின் வாலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தன. வெறுங்கண்ணால் பார்த்தபோது எவரும் அவற்றைக் கவனிக்கவில்லை. அது ஓர் ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய்; தொட்டி முழுதும் பரவக்கூடியது. மீன் கடையில் படத்தைக் காட்டி மருந்து வாங்கி வந்து இட்டோம். மீனின் தோலுக்குள் இருக்கும்போது அவ்வுண்ணியை மருந்து தாக்காது. அது வெளியேறி நீரில் நீந்தும்போதுதான் அழியும். ஆகையால் புள்ளிகள் மறைந்த பின்னரும் குறித்த நாள்வரை மருந்தைத் தொடர்ந்தோம். இரண்டு மீன்கள் இறந்தன, மற்றவை பிழைத்தன.

அதற்கு முந்திய வாரமும் நாம் படங்கள் எடுத்திருந்தோம். அவற்றில் நம் முகங்களே தெளிவாக இருந்தன. மீன்களும் அவ்வாறே தெளிவாக இருந்திருப்பின், அவ்விரண்டையும் காப்பாற்றியிருக்கலாமோ என்னும் எண்ணம் இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது.

வாயில்லா உயிர் தன் நோயைச் சொல்லாது. நாம்தான் பார்த்து அறிய வேண்டும். ஆகவே, வாரம் ஒருமுறை விளக்கணைத்து, தொட்டியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு மீனையும் படம் எடுத்து வைப்போமாக. அழகிய படங்களும் கிடைக்கும். நம்மை நம்பி வாழும் சிற்றுயிர்களைக் காத்த மனநிறைவும் கிட்டும்.