மூன்றடிக் கவிதை எழுதிப் பாருங்கள்

பெங்களூரில் ஜோகுபாளையத்தை ஒட்டியது அல்சூர். அங்கே ஏரிக்கரைப் பக்கம் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை அது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம்தான் திறந்தார்கள்.

வள்ளுவர் எழுதிய குறள் எவ்வளவு நீளம்? இரண்டே அடி. ஏழே சீர். கவிதை என்றால் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று யார் சொன்னது? நம் பாட்டிமார் போடும் விடுகதையும் ஒரு மூச்சில் முடிந்துவிடும். அவர்கள் பள்ளிக்கூடம் போனவர்களா என்ன?

ஜப்பான் நாட்டிலும் ஒரு குட்டிக் கவிதை உண்டு. அதற்கு ஹைக்கூ என்று பெயர். மூன்றே அடி. கண்ணால் கண்டதை அப்படியே சொல்லும். மீதியைப் படிப்பவர் நினைத்துப் பார்க்க வேண்டும். இதைப் பற்றி மகாகவி பாரதியார் 1916-ஆம் ஆண்டிலேயே சுதேசமித்திரன் பத்திரிகையில் எழுதினார். அப்போது அவர் புதுச்சேரியில் இருந்தார். பிறகு பல ஆண்டுகள் கழித்துத் தமிழ்க் கவிஞர்கள் ஹைக்கூ எழுதத் தொடங்கினார்கள்.

ஆங்கிலத்தில் லிமரிக் என்று ஒரு வேடிக்கைப் பாட்டு இருக்கிறது. அது ஐந்து அடி. அடிகளின் கடைசியில் ஒரே ஓசை வரும். ஹைக்கூவையும் லிமரிக்கையும் சேர்த்தால்? அதுதான் லிமரைக்கூ! தமிழில் இதைக் கொண்டுவந்தவர் கவிஞர் ஈரோடு தமிழன்பன். இவர் பிறந்த ஊர் சென்னிமலை. ஆம், போர்வைக்குப் பெயர் போன அதே சென்னிமலைதான். லிமரைக்கூ கவிதைகளை 2002-ஆம் ஆண்டு புத்தகமாகவே போட்டார். புத்தகத்தின் பெயரிலும் சென்னிமலை இருக்கிறது.

லிமரைக்கூவின் கட்டு சுலபம். மூன்று அடி. நடு அடி கொஞ்சம் நீளம். முதல் அடியும் மூன்றாம் அடியும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். தாலாட்டிலும் கும்மியிலும் இந்த ஓசையை நாம் கேட்டுத்தானே வளர்ந்தோம்? காதுக்குப் பழக்கமானது கைக்கும் வரும்.

குழாயடியில் நிற்கும் ஒரு பெண் எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முதலில் இப்படி எழுதலாம்:

தண்ணீர் வரவில்லை.
நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்.
அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

இது கவிதை இல்லை, மனு. மனுவும் வேண்டியதுதான். அதையும் எழுதி, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் கவிதையில் 'கஷ்டம்' என்று சொல்லக் கூடாது, காட்ட வேண்டும். குழாயடியில் அவள் என்ன பார்த்தாள்? குடங்களைப் பார்த்தாள். காதில் என்ன கேட்டது? வெறும் காற்றுச் சத்தம். இப்போது மாற்றி எழுதுகிறாள்:

விடியும் முன்னே வரிசை
குடத்துக்குப் பின்னால் குடம் வைத்துக் காத்திருக்கிறோம்
குழாயில் காற்றின் இசை

'வரிசை', 'இசை'. ஓசை பொருந்திவிட்டது. கஷ்டம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் கஷ்டம் தெரிகிறது. கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. மொத்தம் பதினோரு சொற்கள்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம்.

ஓசைக்காகப் பொய் எழுத வேண்டாம். ஓசை வராவிட்டால் சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையா? விட்டுவிடுங்கள். அது ஹைக்கூவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்! எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு கவிதை கீழே பாதியில் நிற்கிறது.

கூடை நிறைய மல்லி
தெருத் தெருவாய் மாலைவரை நடக்கிறாள்
................ சொல்லி

பூக்காரம்மா எதைச் சொல்லி நடக்கிறாள்? விலையைச் சொல்லியா? கடனைச் சொல்லியா? சாமி பெயரைச் சொல்லியா? பென்சிலை எடுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.