சிறு டிராக்டரில் தூக்கும் சக்தி குறைதலும், அதைக் கண்டறிந்து சீர்செய்யும் முறையும்

தர்மபுரி ஜில்லா, பாலக்கோடு தாலுக்காவைச் சேர்ந்த மாரண்டஹள்ளி வட்டாரத்தில் செம்மண் நிலமே மிகுதி. மானாவாரியில் கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும், கிணற்றுப் பாசனத்தில் தக்காளியும், தோட்டங்களில் மாவும் தென்னையும் இங்கே பயிராகின்றன. செம்மண்ணில் மழை பெய்தபின் உழவுக்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். அந்நாட்கள் கழியின் மண் இறுகி, விதைப்பு அடுத்த மழைக்குக் காத்திருக்க நேரும். மரவரிசைகளுக்கு இடையிலும் சிறு வயல்களிலும் எளிதில் திரும்பக்கூடியது என்பதனால் 18 முதல் 30 குதிரைசக்தி வரையுள்ள சிறு டிராக்டர்களைப் பட்டாதாரர்கள் பலர் விரும்பி வாங்குகின்றனர்.

இவ்வியந்திரத்தில் பதமான நாளில் வேலையை நிறுத்திவிடும் குறை ஒன்று உண்டு. என்ஜின் நன்றாக ஓடும்; சக்கரங்கள் நன்றாக இழுக்கும்; ஆனால் பின்னால் பூட்டிய கலப்பை மட்டும் மேலே எழாது, அல்லது எழுந்தது தானே இறங்கிவிடும். இந்நிலையில் விவசாயிகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒன்று, பம்பு கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்து அதைக் கழற்றிப் புதியது வாங்குவது. மற்றொன்று, பாதி எழுந்த கலப்பையுடனேயே வரப்போரத்தில் வண்டியைத் திருப்பி, இணைப்புக் கரங்களை வளைத்துக்கொள்வது. முதலாவதில் பணமும், இரண்டாவதில் யந்திரமும் வீணாகின்றன. உண்மையில் இக்குறை எங்கிருக்கிறது என்பதை, ஒரு திருகையும் கழற்றுமுன்னரே பெரும்பாலும் அறிந்துவிடலாம். அதற்கு வேண்டியது ஒரு கைக்கடிகாரமும் சிறிது பொறுமையுமே.

தூக்கும் சக்தி உண்டாகும் விதம்

மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எத்திசையிலும் குறைவின்றிப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கிய விதி. இவ்விதியைக் கலப்பையைத் தூக்கவும் தாழ்த்தவும் பயன்படுத்தி, மும்முனை இணைப்புடன் சேர்த்து டிராக்டரில் அமைத்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன் என்பவர். 1936ஆம் ஆண்டில் அவர் பெயரால் வந்த டிராக்டரும், 1939ஆம் ஆண்டில் போர்டு கம்பெனியார் வெளியிட்ட டிராக்டரும் இம்முறையை உலகெங்கும் பரப்பின. 1960ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே கம்பெனியின் மாஸி பெர்குஸன் டிராக்டர்கள் வாயிலாக அது தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்கு பழக்கமாயிற்று. இன்றைய சிறு டிராக்டர்களிலும் அடிப்படை அமைப்பு அதுவே.

என்ஜினால் சுழலும் பம்பு, எண்ணெயைச் சல்லடை வழியாக உறிஞ்சி வால்வுப் பெட்டிக்கு அனுப்புகிறது. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் கியர் பெட்டியிலுள்ள எண்ணெயே இவ்வேலைக்கும் பயன்படுகிறது. ஓட்டுநர் கைப்பிடியை உயர்த்தினால் எண்ணெய் சிலிண்டருக்குள் சென்று பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தூக்குக் கரங்களை உயர்த்தும். கைப்பிடியைத் தாழ்த்தினால் எண்ணெய் திரும்பிவிட, கருவி தன் பாரத்தினாலேயே இறங்கும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் ரிலீப் வால்வு என்னும் காவல் வால்வு திறந்து எண்ணெயை வெளியேற்றிப் பம்பைக் காக்கும்.

ஓர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். பிஸ்டனின் விட்டம் 75 மில்லிமீட்டர் எனக் கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 44 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் இருப்பின், பிஸ்டனைத் தள்ளும் விசை 6,600 கிலோ ஆகும். நீண்ட கரங்களின் வழியே செல்வதால் இவ்விசை இணைப்பு முனையில் பல மடங்கு குறைந்து சில நூறு கிலோவாக நிற்கும். அழுத்தம் பாதியானால் தூக்கும் பாரமும் பாதியாகும். இனி, பிஸ்டன் 11 சென்டிமீட்டர் நகர ஏறத்தாழ அரை லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிஷத்திற்கு 15 லிட்டர் தரும் பம்பு அதனை 2 விநாடியில் தந்துவிடும். அதே வேலைக்கு 6 விநாடி ஆகுமாயின், மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் சிலிண்டரைச் சேர்கிறது என்பது பொருள்.

ஆகவே எண்ணெயின் அளவு குறைந்தால் வேகம் குறையும். அழுத்தம் குறைந்தால் பாரந்தாங்கும் திறன் குறையும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே குறை கண்டறிதலின் சாரம்.

குறையல்லாத குறைகள்

சோதனை தொடங்குமுன் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஆழக் கட்டுப்பாட்டுக் கைப்பிடி தவறான நிலையில் இருக்கிறதா? கைப்பிடிக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள கம்பி, ஊசி முதலியவை கழன்றுள்ளனவா? இறங்கும் வேகத்தை மாற்றும் குமிழ் முழுதும் மூடப்பட்டுள்ளதா? பூட்டிய கருவி அந்த டிராக்டர் தூக்கக்கூடிய பாரத்திற்கு உட்பட்டதா? பெரிய டிராக்டருக்கென்று செய்த ரோட்டவேட்டரைச் சிறு டிராக்டரில் பூட்டிவிட்டு, லிப்டு கெட்டுவிட்டது என்று வருந்துவதில் பயனில்லை. கருவியின் எடை மட்டுமன்றி, அது டிராக்டருக்குப் பின்னால் எவ்வளவு தூரம் நீண்டுள்ளது என்பதும் கணக்கில் சேரும்.

மூன்று சோதனைகள்

என்ஜினை 15 நிமிஷம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி, வேலைக்குரிய வேகத்தில் வைத்துப் பின்வருமாறு சோதிக்கலாம்.

முதற் சோதனை: கருவியின்றிக் கரங்களை உயர்த்தி, அடியிலிருந்து உச்சிவரை செல்ல எத்தனை விநாடி ஆகிறதெனக் குறித்துக்கொள்க.

இரண்டாம் சோதனை: ஐந்து கொத்துக் கலப்பை போன்ற வழக்கமான கருவியைப் பூட்டி அவ்வாறே உயர்த்தி விநாடிகளைக் குறித்துக்கொள்க.

மூன்றாம் சோதனை: கருவியை உயர்த்தியபின் என்ஜினை நிறுத்தி, தரைக்கும் கருவிக்கும் உள்ள உயரத்தை அளந்து, 5 நிமிஷம் கழித்து மீண்டும் அளக்க. அப்போது கருவியின் அடியில் எவரும் செல்லலாகாது. வழக்கமான கருவியைத் தூக்கவே இயலாவிடின், இச்சோதனையை இலகுவான கருவியைக் கொண்டு செய்யலாம்.

பாரமின்றியும் பாரத்துடனும் ஒரேவிதமாக மெல்ல எழுந்தால், அல்லது விட்டுவிட்டுத் துள்ளி எழுந்தால், பம்புக்குப் போதிய எண்ணெய் வரவில்லை. குறை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது.

பாரமின்றி விரைவாக எழுந்து, பாரம் பூட்டியதும் திணறினால் அழுத்தம் போதவில்லை. அவ்வாறிருந்தும் தூக்கிய கருவி என்ஜின் நின்றபின் இறங்காமல் நின்றால், குறை பம்பிலோ ரிலீப் வால்விலோ உள்ளது. தூக்கவும் திணறி, தூக்கியதும் விரைவில் இறங்குமாயின், சிலிண்டரிலோ அதனைச் சார்ந்த வால்விலோ கசிவு உண்டு.

காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கையில் திணறிச் சூடானபின் சரியாகுமாயின், எண்ணெய் தடிப்பானது அல்லது சல்லடை அடைந்துள்ளது எனக் கொள்ளலாம். மாறாக, காலையில் நன்றாகத் தூக்கி நண்பகலில் திணறினால் உள்பாகங்கள் தேய்ந்துள்ளன. சூட்டினால் இளகிய எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளில் ஒழுகிவிடுவதே இதன் காரணம்.

உறிஞ்சும் பக்கத்தைச் சீர்செய்தல்

எந்தச் சோதனை எதைக் காட்டினும் முதலில் எண்ணெயையே பார்த்தல் வேண்டும். இது செலவற்றது. சமதரையில் வண்டியை நிறுத்திக் கரங்களைத் தாழ்த்தி, அளவுக் கோலை எடுத்துப் பார்க்க. எண்ணெய் குறைந்திருந்தால் நிரப்புவதுடன், எவ்வழியாகக் குறைந்தது என்பதையும் தேடுதல் வேண்டும். மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. சேற்றுழவிலும், வண்டியை நீர் பாய்ச்சிக் கழுவும்போதும், கியர்த் தண்டின் ரப்பர் உறை கிழிந்திருப்பின் நீர் உட்புகும். நுரைத்திருந்தால் காற்று கலந்துள்ளது. மினுமினுக்கும் உலோகத் துகள்கள் தென்படின் உள்ளே ஏதோ ஒரு பாகம் தேய்கிறது.

வெளுத்த எண்ணெயை முழுதும் வடித்து மாற்றுவதே முறை. மேலே புது எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை. யந்திரத்துடன் தந்த கைப்புத்தகம் குறிக்கும் எண்ணெயையே ஊற்றுதல் வேண்டும். வேறு தடிப்பான கியர் எண்ணெயை ஊற்றினால் பம்பு அதனை உறிஞ்ச இயலாமல் திணறும். எஞ்சிய என்ஜின் எண்ணெயைச் சிக்கனம் கருதிக் கலப்பதும் கேடு விளைக்கும்.

அடுத்து உறிஞ்சு குழாயின் சல்லடையைக் கழற்றி, டீசலில் கழுவி உலர்த்தி மாட்டுக. காகித பில்டராயின் கழுவாது புதியதே மாற்றுக. துடைப்பதற்கு நூல் உதிரும் பழந்துணி ஆகாது. அந்நூலே மீண்டும் சல்லடையை அடைக்கும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் பம்பு கீச்சென்று ஊளையிட்டு எண்ணெய் நுரைக்குமாயின், எங்கோ காற்று புகுகிறது. இவ்விடத்தில் ஒரு நுட்பம் அறியத்தக்கது. உறிஞ்சும் பக்கத்து மூட்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆதலால் என்ஜின் ஓடுகையில் அங்கே எண்ணெய் வெளியே கசியாது, காற்றே உள்ளே புகும். வெளியே உலர்ந்து காணும் மூட்டும் குற்றவாளியாக இருக்கலாம். ஒவ்வொரு மூட்டின் மேலும் சிறிது கிரீஸ் தடவிப் பார்க்க. எம்மூட்டில் தடவியதும் பம்பின் ஓசை மாறுகிறதோ, அங்குள்ள ஓ-ரிங்கை மாற்றி இறுக்கினால் போதும்.

ரிலீப் வால்வும் பம்பும்

அழுத்தக் குறையெனத் தெரிந்தால் முதலில் ரிலீப் வால்வைக் கவனிக்க. அதன் இருக்கையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் வால்வு மூடாது நின்று, எண்ணெய் முழுதும் தொட்டிக்கே திரும்பிவிடும். கழற்றிக் கழுவி, ஸ்பிரிங் ஒடிந்துள்ளதா எனப் பார்த்து முன்போலவே மாட்டுதல் வேண்டும். அழுத்தமானி வைத்திருக்கும் பணிமனையில் அழுத்தத்தை அளந்து, கைப்புத்தகம் கூறும் அளவுடன் ஒப்பிடுதல் உத்தமம்.

ஸ்பிரிங்கின்கீழ்க் கூடுதலாக வாஷர் போட்டு அழுத்தத்தை ஏற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது காவல்காரனைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும். அன்று தூக்கும் சக்தி கூடியதுபோல் தோன்றினும், பின்னர் பம்பின் கூடோ சிலிண்டரின் மூடியோ வெடிக்கும். வாஷரில் மீந்த காசு பல மடங்காகப் போய்விடும்.

வால்வு சரியாக இருந்தும் அழுத்தம் ஏறாவிட்டால் மட்டுமே பம்பைச் சந்தேகிக்கலாம். என்ஜின் வேகத்தைக் கூட்டினால் தூக்கும் சக்தியும் கூடுமாயின் பம்பு தேய்ந்துள்ளது என்பதற்கு அது நல்ல அடையாளம். சிறிதும் தூக்காவிடின், பம்பைச் சுழற்றும் இணைப்பு ஒடிந்து பம்பே சுழலாதிருக்கலாம். இதனையும் பார்த்தபின்னரே கழற்றுதல் நன்று. கழற்றிய பம்பில் சீல்கள் மட்டும் கெட்டிருந்தால் சீல் மாற்றினால் போதும். கூட்டின் உட்சுவரில் நகம் சிக்கும் அளவு கீறல் இருப்பின் பழுதுபார்த்தல் வீண். புதியதே மாற்ற வேண்டும். மாட்டுமுன் பம்பினுள் சுத்தமான எண்ணெய் ஊற்றிக் கையால் சுழற்றுக. உலர்ந்த பம்பை ஓட்டினால் முதல் நிமிஷத்திலேயே அது தேயத் தொடங்கும். பின்னர் என்ஜினை மெதுவாக ஓட்டிக் கரங்களை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கினால் அடைபட்ட காற்று வெளியேறும்.

தூக்கியது தானே இறங்குமாயின்

இறங்கும் வேகத்தை மாற்றும் குமிழ், பல சிறு டிராக்டர்களில் வால்வுப் பெட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ளது. கருவியை உயர்த்திக் குமிழை முழுதும் மூடி என்ஜினை நிறுத்துக. கருவி நின்றுவிட்டால் கசிவு வால்வுப் பெட்டியில் உள்ளது. அப்போதும் இறங்கினால் பிஸ்டனின் ஓ-ரிங்கு கிழிந்துள்ளது அல்லது சிலிண்டர் தேய்ந்துள்ளது. எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து செவி கொடுத்தால், கியர் பெட்டிக்குள் எண்ணெய் சொட்டும் ஓசை கேட்பதும் உண்டு.

பிஸ்டனின் ஓ-ரிங்கு விலை மிகக் குறைந்த பொருள். எனினும் அதை மாற்றும்போது உடன் வரும் தட்டை வளையத்தை, அழுத்தம் வரும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தல் வேண்டும். மாற்றி வைத்தால் புது ஓ-ரிங்கும் இடுக்கில் நசுங்கி விரைவில் கிழியும்.

உயிர்க்காப்பு

தூக்கி நிற்கும் கருவியின் அடியில் கையையோ காலையோ வைத்தல் கூடாது. எண்ணெய் ஒன்றே தாங்கும் பாரம் எக்கணமும் விழலாம். பழுது பார்க்குமுன் கருவியைத் தரையில் இறக்கிவிடுக. இயலாவிடின் உறுதியான மரக்கட்டைகளை அண்டக் கொடுக்க. குழந்தைகளை அண்ட விடலாகாது.

குழாயில் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடுவதும் ஆபத்து. அங்ஙனம் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். புண் ஊசிமுனை அளவே தெரியினும், உள்ளே சதை அழுகிக் கையை இழக்க நேரலாம். அட்டைத் துண்டைக் கொண்டே கசிவைத் தேடுக. எண்ணெய் உட்புகுந்துவிட்டால் வலியில்லையென்று வீட்டில் இராமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று நடந்ததைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

சிறு டிராக்டர் ஒன்று பழுதாயின் நஷ்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்று. வாடகை உழவுக்கு அதனை நம்பியுள்ள பல குடும்பங்களின் பட்டமும் தவறுகிறது. ஆகவே உழவர் குழுக்களின் பொது டிராக்டர்களுக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, எண்ணெய் மாற்றிய நாள், சல்லடை கழுவிய நாள், கருவியைத் தூக்க ஆகும் விநாடி ஆகியவற்றை எழுதிவரச் செய்தல் நலம். யந்திரம் புதிதாக இருக்கையில் 2 விநாடியில் எழுந்தது இன்று 4 விநாடியாயின், பட்டத்திற்கு முன்பே சீர்செய்துகொள்ள அவ்வெண்ணே எச்சரிக்கும். ஆடிப்பட்டத்திற்கு ஒரு மாதம் முன்பாக, வேலையற்ற வைகாசி நாட்களில் இம்மூன்று சோதனைகளையும் செய்துகொள்ளும் விவசாயி, மழை பெய்த மறுநாள் பணிமனை வாயிலில் நிற்காமல் தன் வயலில் நிற்பார்.