மாடியில் நின்றது யார்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். கையில் காப்பி டம்ளர். திடீரென்று காலுக்குக் கீழே தரை நழுவுகிற மாதிரி ஓர் ஆட்டம். காப்பி தளும்பிக் கட்டைவிரலைச் சுடுகிறது. இரண்டரை மணி நேரம் கழித்து மெரினாவில் கடல் ஊருக்குள் வந்தது. இந்தக் கதையை இருபது வருஷமாகக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.

சமீபத்தில் பரணை ஒழித்தபோது அந்த வருஷத்து டைரி கிடைத்தது. அன்றிரவு நானே எழுதி வைத்திருக்கிறேன்: பூமி ஆடியபோது நான் போர்வைக்குள் இருந்தேன். அக்கா வந்து உலுக்கி எழுப்பினாள். காப்பியோடு மாடியில் நின்றதும் அவள்தான்.

இப்படிப் பிறத்தியார் நினைவைச் சுருட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தானா என்று தேடினேன். நல்லவேளையாக இல்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. மறுநாள் காலை, எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் 106 மாணவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இரண்டரை வருஷம் கழித்து, அவர்களில் 44 பேரைப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். நால்வரில் ஒருவருக்கு முக்கியமான விவரம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது வெளியிலிருந்து வந்தவர்கள் பேசிக் கேட்டதாக எழுதிய ஒரு மாணவி, விடுதி அறையில் தோழியோடு டிவி பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். துளி சந்தேகம் இல்லாமல் சொன்னார். பழைய தாளைக் காட்டியபோது பலர் ஆடிப்போனார்கள். ஆனாலும் பழைய நினைவு யாருக்கும் திரும்பி வரவில்லை. அது கீழே எங்கோ புதைந்து கிடக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நினைவு என்றால் பீரோவில் அடுக்கிய புடவை மாதிரி ஒரு பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூளைக்குள் அப்படி ஒரு பொருள் கிடையாது. சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஓர் அனுபவத்தின்போது அவற்றில் சில சேர்ந்து துடிக்கின்றன. சேர்ந்து துடித்தவற்றுக்கு இடையிலான இணைப்பு பலப்படுகிறது. முயலின் மூளையில் இப்படி வலுத்த இணைப்பு மணிக்கணக்கில் அப்படியே நிற்பதை 1973இல் டிம் பிளிஸ்ஸும் டெர்ஜே லோமோவும் காட்டினார்கள். பார்த்தது ஒரு மூலையில், கேட்டது இன்னொரு மூலையில், பயம் வேறொரு மூலையில் என்று சிதறிக் கிடப்பதை ஒரே சம்பவமாகக் கட்டுவது ஹிப்போகேம்பஸ். நெற்றிப்பொட்டுகளுக்கு உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, கடற்குதிரை போல வளைந்து கிடக்கும் சின்ன உறுப்பு.

அது போனால் என்ன ஆகும் என்பதை ஹென்றி மொலைசன் என்ற ஒரே மனிதர் உலகத்துக்குக் காட்டினார். 1953இல், வலிப்பு நோய்க்காக அவருடைய மூளையில் இரண்டு பக்கமும் அந்தப் பகுதியைப் பெருமளவு வெட்டி எடுத்தார்கள். அப்போது வயது 27. சிறுவயதுச் சம்பவங்கள் நினைவில் இருந்தன. புதிதாக எதுவும் ஒட்டவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் விளிம்பை வரையச் சொன்னார் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர். செய்து பாருங்கள், பென்சில் எதிர்ப்பக்கம் ஓடும். மூன்று நாளில் மொலைசனின் கை அதில் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள்தான். கைக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை! 2008இல் தமது 82ஆம் வயதில் இறக்கும்வரை அப்படித்தான் இருந்தார்.

வலுத்த இணைப்பு நிலைத்து நிற்க, நியூரான்கள் புதுப் புரதங்களைச் செய்தாக வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். பாலுக்கு உறை ஊற்றியதுபோலத்தான். உறைவதற்குள் பாத்திரத்தை ஆட்டினால் தயிர் கெட்டிப்படாது. ஒருமுறை உறைந்துவிட்டால் அவ்வளவுதான், தயிர் எங்காவது பாலாகுமா? விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் நினைவைப் பற்றியும் இப்படியே நம்பியிருந்தார்கள்.

கரீம் நாதர் என்ற இளம் ஆய்வாளருக்கு அதில் சந்தேகம். நியூயார்க்கில் ஜோசப் லெடூவின் ஆய்வகத்தில் வேலை. இது நடக்காது, நேரத்தை வீணாக்காதே என்பது லெடூவின் அபிப்பிராயம். நாதர் கேட்கவில்லை. ஓர் ஒலி, கூடவே எலியின் காலில் லேசான மின்அதிர்ச்சி. எலி கற்றுக்கொண்டது, அப்புறம் அந்த ஒலி கேட்டாலே உறைந்து நின்றது. மறுநாள் ஒலியை ஒரே ஒரு தடவை ஒலிக்கவிட்டு நினைவைக் கிளப்பினார். உடனே, பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை ஏற்றினார். அடுத்த நாள் ஒலி கேட்டபோது எலிகளிடம் பழைய பயம் பெரிதும் குறைந்திருந்தது.

இதில் அழகு எங்கே இருக்கிறதென்றால், மறுநாள் ஒலியைக் கேட்காத எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஒலி கேட்டு ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆக, மருந்து மட்டும் நினைவைக் கெடுக்கவில்லை. நினைவுகூர்ந்ததே அதை இளக்கிவிட்டது. தயிர் மறுபடி பாலாகி, இன்னொரு தடவை உறைய வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் மருந்து புகுந்தது. 2000இல் நேச்சர் இதழில் இது வெளிவந்ததும் பெரிய ரகளை. கிட்டத்தட்ட இதையே 1968இல் வேறொரு குழு சொல்லியும் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது தனிக்கதை.

எல்லா நினைவும் எடுத்த மாத்திரத்தில் இளகுவதில்லை. பழையதும் ஆழமானதும் லேசில் அசையாது. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தால் பெரும்பாலும் மூடியே கிடக்கும். எதிர்பாராதது ஏதாவது குறுக்கே வந்தால் திறக்கும். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் கிடைத்த குளம் வற்றிவிட்டதென்றால் பழைய வழியையே பிடித்துக்கொண்டிருக்கும் மிருகம் பிழைக்காது. நினைவு நேற்றைக்காக அல்ல, நாளைக்குத் தண்ணீர் தேடத்தான். இளகியிருக்கும்போது புதியது உள்ளே வரவேண்டும். கூடவே அக்கா சொன்னதும், டிவியில் பார்த்ததும், கேட்பவர் முகம் பார்த்து நாம் கூட்டிச் சொன்னதும் வந்துவிடும். வாசலில் காவலாள் கிடையாது.

டைரியைப் படித்த அன்றே அக்காவுக்கு போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நான் எங்கடா மாடிக்குப் போனேன்? அப்பாதான் காப்பியோட மேல நின்னுட்டிருந்தார். நான் அடுப்படியில இருந்தேன், பாத்திரமெல்லாம் கிணுகிணுன்னு ஆடுச்சு" என்றாள்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கட்டைவிரலில் அந்தச் சூடு இப்போதும் இருக்கிறது.