புதுக் கார் கொள்வோர் கருத்திற்கொள்ள வேண்டியவை

காணி, வீடு என்பவற்றுக்கு அடுத்தபடியாக எம்மவர் பெரும்பொருள் கொடுத்துப் பெறும் உடைமை மோட்டார்க் காரேயாகும். முப்பது ஆண்டு உழைத்துப் பெற்ற பணிக்கொடையும், கடல்கடந்து வாழும் மக்கள் மிச்சம்பிடித்து அனுப்பிய பணமும் ஒரு கையொப்பத்தோடு கைமாறிவிடுகின்றன. காணி வாங்குமுன் உறுதியைப் பல தலைமுறைக்கு ஆராயும் எம்மூரவர் கார் வாங்கும்போதும் அத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும். அதற்குத் துணையாகச் சில கூறுவாம்.

முதற்கண், விலை எவ்வாறு அமைகின்றது என்பதை அறிதல் நன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இறக்குமதியாகும் காருக்குச் சுங்கத் தீர்வையும் உற்பத்தி வரியும் உண்டு. இவற்றையும் சேர்த்த தொகையின்மீதே பெறுமதி சேர் வரி கணிக்கப்படுகின்றது. உற்பத்தி வரியோ பெற்றோல் காருக்கு இயந்திரக் கொள்ளளவையும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் வலுவையும் பொறுத்து ஏறும். ஆகவே, விலையின் பெரும்பகுதி விற்பவரின் கையில் இல்லை. அவரிடம் மணிக்கணக்கில் வாதாடிப் பெறும் கழிவிலும், தேவைக்கு மிஞ்சாத இயந்திரத்தைத் தெரிவதால் மிஞ்சும் பணம் பன்மடங்காகும்.

இரண்டாவது, கார் வாங்குதல் ஒரு பேரமன்று, மூன்று பேரங்கள். புதுக் காரின் விலை ஒன்று. பழைய காருக்குத் தரப்படும் மதிப்பு மற்றொன்று. கடனின் வட்டி மூன்றாவது. இவை ஒன்றாகக் கலக்கப்படும்போது ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுப்பது விற்பவருக்கு எளிதாகும். பழைய காருக்கு எதிர்பாராத நல்ல விலை கிடைத்ததென்று மகிழ்பவர், புதுக் காரின் கழிவை இழந்திருக்கக் கூடும். ஆதலின் மூன்றையும் தனித்தனியே எழுத்தில் பெற்று, குறைந்தது மூன்று இடங்களிலேனும் ஒப்புநோக்குதல் வேண்டும்.

கடனைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பது அவசியமாகும். “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்ற இனிய வினாவிலேயே பலர் தம் கணக்கை மறந்துவிடுகின்றனர். 30 இலட்சம் ரூபாவை 5 ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்னும் நிலையான வட்டிக்குப் பெற்றால், வட்டி 15 இலட்சம். மாதக் கட்டுப்பணம் 75,000 ரூபா. முதல் மாதந்தோறும் குறைந்து வரவும், வட்டி மட்டும் முழுத்தொகைக்கே அறவிடப்படுகின்றது. குறைந்துவரும் மிகுதிக்குக் கணித்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பதினேழாகும். எனவே கட்டுப்பணத்தை மட்டும் பாராது, கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையும், இடையில் முழுக்கடனையும் தீர்த்தால் யாது அறவிடப்படும் என்பதையும் கேட்டறிக.

மூன்றாவது, முற்பணம் கட்டிக் காத்திருப்போர் ஒப்பந்தத்தைக் கவனமாக வாசித்தல் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. நாணய மதிப்போ வரியோ மாறினால் மேலதிகச் செலவு யாரைச் சாரும், கார் குறித்த காலத்தில் வாராவிடின் முற்பணம் எப்போது திரும்பும் என்பன எழுத்தில் இல்லையெனில், வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிடுதல் தகாது.

யப்பானில் ஓடி இங்கு வரும் காரை வாங்குவோர் அங்கு நடந்த ஏலத்தின் பரிசோதனைத் தாளைக் கேட்டுப் பெறுக. அதிலுள்ள சட்டக இலக்கத்தையும், ஓடிய தூரத்தையும் காருடன் ஒப்பிடுக. உற்பத்தி ஆண்டு வேறு, பதிவு ஆண்டு வேறு. பின்னர் விற்கும்போது உற்பத்தி ஆண்டே பெரிதும் பேசும்.

இறுதியாக, பழுதுபார்க்கும் வசதியை நோக்குக. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் எம் குடாநாட்டு வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் அறிவர். அவை ஓடியது புதுமையாலன்று. உள்ளூர்க் கைவினைஞர் அவற்றைத் திருத்த வல்லவராய் இருந்தமையாலாகும். இன்றைய கார்களில் மின்னணுக் கருவிகள் மலிந்துள்ளன. அவற்றைத் திருத்துவோர் யாழ்ப்பாணத்திலேயே உள்ளனரா, அன்றி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குச் செல்ல வேண்டுமா என்பதை முன்னரே விசாரித்தல் அறிவுடைமை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குத் திண்டாடலாகாது.

“நாளை நல்ல நாள், இன்றே முற்பணம் கட்டுங்கள்” என அவசரப்படுத்துவோர் உளர். நல்ல நாள் மாதந்தோறும் வரும். சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன், வீட்டில் ஒரு தாளையெடுத்து, விலை, வட்டி, காப்புறுதி, பதிவு, எரிபொருள், திருத்தம் ஆகிய அனைத்தையும் ஐந்து ஆண்டுக்கு எழுதிக் கூட்டிப் பார்த்தல் நன்று. அக்கூட்டுத்தொகையைக் கண்டும் குடும்பம் கலங்காதிருக்குமாயின் அதுவே நல்ல பேரம்.